நிலத்துக்குள்ளேயே நிலக்கரியை எரித்தால் கிணற்று நீர் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் மாதம் ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில், கஸ்தா நிலக்கரிப் பகுதியில் இந்தியாவின் முதல் நிலத்தடி நிலக்கரி வாயுவாக்க முன்னோடித் திட்டம் தொடங்கியது. அது முதல் இந்தப் பெயர் செய்திகளில் அடிக்கடி வருகிறது. "சுரங்கமே தோண்ட வேண்டாம், சாம்பல்கூட மேலே வராது" என்று ஒரு பக்கம் புகழ்கிறார்கள். "நிலத்தடி நீர் மொத்தமும் விஷமாகிவிடும்" என்று இன்னொரு பக்கம் பயப்படுகிறார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுரங்கம் தோண்டாமல் நிலக்கரியை எப்படி எடுக்கிறார்கள்?

நிலக்கரியை எடுப்பதே இல்லை. நிலக்கரிப் படுகை வரைக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் போடுவார்கள். படுகைக்குள்ளேயே அந்த இரண்டுக்கும் ஒரு வழி உண்டாக்குவார்கள். ஒரு கிணறு வழியாகக் காற்றை, அல்லது ஆக்ஸிஜனையும் நீராவியையும் உள்ளே செலுத்தி, கீழே தீ மூட்டுவார்கள். இன்னொரு கிணறு வழியாக ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் கலந்த வாயு மேலே வரும். அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், யூரியா செய்யலாம், மெத்தனால் செய்யலாம்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அளந்து விடுவதால் விறகு முழுதாக எரியாது, வெந்து கரியாகும். அப்போது கசிகிற பழுப்பு நிறப் புகையில் கையை நீட்டினால் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டாலும் வாசனை லேசில் போகாது. நிலத்தடி வாயுவாக்கமும் ஒரு மூட்டம்தான். ஆனால் இது பெரும்பாலும் நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில், 1,000 டிகிரிக்கு மேல் தகிக்கிற மூட்டம். மேலே பூசியிருப்பது மண் அல்ல, பாறை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது புதுத் தொழில்நுட்பமா?

இல்லை. 1868லேயே பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் இந்த யோசனையைச் சொன்னார். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவும் இதைப் பற்றி எழுதினார். 1930களில் சோவியத் ஒன்றியம் பெரிய அளவில் முயன்றது. உஸ்பெகிஸ்தானின் அங்ரேன் நிலையம் 1961ல் தொடங்கியது. இத்தனை காலமாகியும் உலகம் முழுக்கப் பரவவில்லை என்பதற்கு இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தப் பக்கத்தின் விஷயமான தண்ணீர்.

காவிரிப் படுகையில் எதிர்த்தார்களே, அந்த மீத்தேன் திட்டமும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். மன்னார்குடிப் பகுதிக்குத் திட்டமிட்டது நிலக்கரிப் படுகை மீத்தேன். அதில் தீயே கிடையாது. படுகையில் இருக்கும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால், கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் தானாகக் கழன்று வரும். அங்கே கவலை, வெளியே இறைக்கப்படும் தண்ணீரைப் பற்றியது. இங்கே கவலை, உள்ளேயே தங்கிவிடும் தண்ணீரைப் பற்றியது.

எரித்த பிறகு நீரில் என்னென்ன கலக்கும்?

முக்கியமாகப் பீனால், பென்சீன். கூடவே டொலுவீன், சைலீன், நாப்தலீன் மாதிரியான தார் வகைகள், அம்மோனியா, சில இடங்களில் சயனைடு. இவை கரி வேகும்போது பிறப்பவை. சாம்பலிலிருந்து கரைந்து வருபவை வேறு: சல்பேட், போரான், சிறிதளவு ஆர்சனிக், செலீனியம் போன்றவை.

பீனாலின் வாசனையைப் பழைய கார்பாலிக் சோப்பில் முகர்ந்திருப்பீர்கள். அது தண்ணீரில் எளிதாகக் கரையும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் பீனால் வகைகளுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். பென்சீன் நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆஸ்திரேலியாவில் 1 மைக்ரோகிராம்.

மைக்ரோகிராம் என்றால் கைக்குப் பிடிபடாது. ஒரு கணக்குப் போடலாம். ஒரு சொட்டுப் பென்சீன் சுமார் 44 மில்லிகிராம் எடை. 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் இரண்டு சொட்டு விட்டால், லாரி முழுதும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தொட்டுவிடும். நிலத்தடியில் எரிவதோ ஆயிரக்கணக்கான டன் கரி.

எரிந்துகொண்டிருக்கும்போதே இதெல்லாம் வெளியே கசியாதா?

கசியாமல் பார்த்துக்கொள்ள முடியும். பூட்டு ஒன்றே ஒன்றுதான்: அழுத்தம். இந்தத் தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் கொடுக்கும். ஒரு இடத்தில் நிலக்கரி 140 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, நீர்மட்டம் 20 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கரியின் மேல் 120 மீட்டர் தண்ணீர், அதாவது சுமார் 12 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். எரியும் குழிக்குள் வாயுவின் அழுத்தம் இந்த 12க்குக் கீழே இருக்கும்வரை, சுற்றியுள்ள தண்ணீர் குழியை நோக்கி உள்ளே வந்துகொண்டிருக்கும். அழுக்கு வெளியே போக வழியில்லை. 12ஐத் தாண்டினால் திசை மாறிவிடும். வாயு பாறை இடுக்குகளில் புகுந்து, பென்சீனையும் தாரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். போன இடத்தில் குளிர்ந்து படியும்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் எங்கே என்றால், அந்த 12 நிலையாக நிற்பதில்லை. தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டே இருப்பதால் சுற்றுவட்ட நீர்மட்டம் மெல்ல இறங்கும், அதோடு வரம்பும் இறங்கும். குழியின் கூரை எரிந்தும் இடிந்தும் மேலே மேலே ஏறும். கூரை 10 மீட்டர் ஏறினால், அந்த உச்சியில் தண்ணீரின் அழுத்தம் 1 பார் குறைந்துவிடும். உள்ளேயுள்ள வாயுவின் அழுத்தமோ மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே போன மாதம் பாதுகாப்பாக இருந்த அதே வாயு அழுத்தம், இந்த மாதம் ஆபத்தாக இருக்கலாம். கிணற்றடியில் உட்கார்ந்து ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கம் ஆசையும் இருக்கிறது. அழுத்தத்தைக் குறைவாக வைத்தால் தண்ணீர் அதிகமாக உள்ளே வரும், தீ குளிரும், வாயுவின் தரம் இறங்கும், மேலே வரும் கழிவுநீரும் கூடும். கொஞ்சம் ஏற்றினால் எல்லாமே சரியாக ஓடுகிற மாதிரி இருக்கும். நல்ல வாயு விற்க வேண்டியவரின் கையிலேயே தண்ணீருக்கான பூட்டும் இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம்.

தீயை அணைத்துவிட்டால் ஆபத்து முடிந்ததா?

அப்போதுதான் இரண்டாவது பாதி ஆரம்பம். காற்றை நிறுத்தினாலும் பாறை உடனே ஆறாது. பாதி வெந்த கரி இன்னும் வெந்துகொண்டே தாரைக் கக்கும். மேலே உறிஞ்சுவதையும் உடனே நிறுத்திவிட்டால், அந்தத் தார் குழியிலேயே தங்கிவிடும். பிறகு நிலத்தடி நீர் மெல்லத் திரும்பி வந்து, சாம்பலும் தாரும் இடிந்த பாறையும் நிறைந்த அந்தக் குழியை நிரப்பும். டிகாக்‌ஷன் இறங்குவது போலத்தான்: சூடான பொடி, மேலே தண்ணீர்.

நிரம்பி முடிந்ததும் உள்ளே இழுக்கும் விசை நின்றுவிடும். நிலத்தடி நீர் தன் வழக்கமான ஓட்டத்தைத் தொடங்கும். கலந்ததெல்லாம் அந்த ஓட்டத்தோடு நகரும்.

உண்மையிலேயே நீர் கெட்ட இடம் எது?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கில்லெட் நகருக்கு அருகே உள்ள ஹோ க்ரீக். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1976 முதல் 1979 வரை அங்கே மூன்று சோதனைகள் நடத்தியது. படுகை சுமார் 38 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. இன்றைக்கு நம்மூர்க்காரர் சாதாரணமாகப் போடும் போர்வெல்லைவிடக் குறைந்த ஆழம். சுமார் 7.5 மீட்டர் கனமுள்ள அந்தப் படுகைக்கு மேலே இன்னொரு மெல்லிய நிலக்கரிப் படுகை, அதற்கும் மேலே தண்ணீர் நிறைந்த மணற்கல்.

கரி எரிந்து குழியானதும் கூரை இடிந்தது. இடிந்த கூரை வழியாகத் தீ மேல் படுகைக்கு ஏறியது. தனித்தனியாக இருந்த நீர்த்தாங்கிகள், அதாவது தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறை அடுக்குகள், ஒன்றோடொன்று கலந்தன. மூன்றாவது சோதனை நடந்த இடத்தில் தரைமட்டம் வரைக்கும் பள்ளம் விழுந்தது. போதாததற்கு, சில நேரங்களில் வாயுவின் அழுத்தம் நீரழுத்தத்தைத் தாண்டியதால் வாயுவும் வெளியே ஓடியது. கண்காணிப்புக் கிணறுகளில் பீனாலும் பென்சீனும் வந்தன.

மூன்றாவது தீ எரிந்தது ஏறக்குறைய 2 மாதம். அதைச் சுத்தம் செய்யும் வேலை 20 ஆண்டு கழித்தும் நடந்துகொண்டிருந்தது. நீரை மேலே இறைத்துக் கரித்துகள் வடிகட்டியில் விட்டார்கள். அப்புறம் நிலத்துக்குள் காற்றைச் செலுத்தி, பென்சீனைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக்கிப் பார்த்தார்கள்.

ஹோ க்ரீக்கை வைத்தே இந்தத் தொழில்நுட்பம் மொத்தத்தையும் ஒதுக்குவது நியாயமில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆழம் போதாது, இடத் தேர்வு தவறு, அது கற்றுக்கொண்ட காலம் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் தடை செய்தார்களே, ஏன்?

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சின்சில்லா, கோதுமையும் கால்நடையுமாக இருக்கும் விவசாயப் பகுதி. அங்கே லிங்க் எனர்ஜி என்ற நிறுவனம் 1999ல் தொடங்கி 2013 வரை அடுத்தடுத்து ஐந்து வாயுவாக்கிகளை, அதாவது கிணறுகளோடு கூடிய எரியும் குழிகளை, இயக்கியது. முதல் கட்டத்தில் சுமார் 35,000 டன் கரியை எரித்தும் நீர் கெடவில்லை என்று தொழில்துறை மாநாடுகளில் அதையே முன்மாதிரியாகக் காட்டினார்கள்.

பிற்பாடு நடந்தது வேறு கதை. நீரழுத்தத்தைத் தாண்டிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தியதால் பாறை விரிசல் விட்டு வாயு வெளியேறியது என்பது வழக்கில் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. மழைக்குப் பிறகு கிணறுகளைச் சுற்றித் தேங்கிய நீரில் குமிழிகள் வந்தன என்பதும் பேசப்பட்டது. 2015ல் மண்ணுக்குள் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் இருந்ததால், 320 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2 மீட்டருக்குக் கீழே அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. வேலிக்கம்பம் நடவும் குட்டை வெட்டவும் யோசிக்க வேண்டிய நிலை.

2016 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து அரசு நிலத்தடி வாயுவாக்கத்துக்குத் தடை அறிவித்தது. அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது. 2018ல், சுற்றுச்சூழலுக்குத் தெரிந்தே கடும் தீங்கு செய்ததாக 5 குற்றச்சாட்டுகளில் அது குற்றவாளி என்று தீர்ப்பாகி, 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. விசாரணையில் வாதாடவும் அந்த நிறுவனத்தின் தரப்பில் யாரும் நிற்கவில்லை.

அதே மாநிலத்தில் கிங்கராய் என்ற ஊர், நிலக்கடலைக்குப் பேர்போனது. கூகர் எனர்ஜி என்ற நிறுவனம் அங்கே 2010 மார்ச்சில் தீ மூட்டியது. சில நாட்களிலேயே ஒரு கிணறு பழுதானது. கண்காணிப்புக் கிணறுகளில் பென்சீனும் டொலுவீனும் தென்பட்டதும் ஜூலையில் அரசு நிறுத்தச் சொன்னது. அதோடு சரி, மறுபடி தொடங்கவே இல்லை.

கெடாமல் நடந்த இடமே இல்லையா?

இருக்கிறது. அதே வயோமிங் மாநிலத்தில் ஹானா அருகே, 1987–88ல் ராக்கி மவுண்டன் 1 என்ற சோதனை நடந்தது. ஆழம் சுமார் 110 மீட்டர். ஹோ க்ரீக் கொடுத்த பாடத்தை வைத்தே அதைத் திட்டமிட்டார்கள். எரியும் காலம் முழுக்க அழுத்தத்தை நீரழுத்தத்துக்குக் கீழே வைத்தார்கள். அணைத்த பிறகும் உறிஞ்சுவதை நிறுத்தாமல், நீராவி விட்டுக் குழியைக் கழுவி, தார் ஆவிகளை மேலே இழுத்தார்கள். அப்புறம் உள்ளே வந்த நீரையும் இறைத்துச் சுத்திகரித்தார்கள். நீரில் பாதிப்பு மிகக் குறைவாக, குழியை ஒட்டியே இருந்தது.

ஆக, முடியும். ஆனால் விற்பனைக்கு வாயு தராத மாதங்களிலும் பம்பை ஓட்ட ஒருவர் பணம் கொடுக்க வேண்டும். குயின்ஸ்லாந்து அரசு அமைத்த சுயேச்சையான அறிவியல் குழு 2013ல் சொன்னதும் இதே திசையில்தான்: குழியைப் பாதுகாப்பாக மூடிக் காட்ட முடியும் என்று முதலில் நிரூபித்த பிறகே வணிக அளவுக்குப் போகலாம்.

ஆழமாகப் போனால் பிரச்சினை தீருமா?

குறையும். ஆழத்தில் நீரழுத்தம் அதிகம் என்பதால், வாயுவின் அழுத்தத்தை அதற்குக் கீழே வைக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். மேலே கனமான களிப்பாறை இருந்தால் அது மூடி மாதிரி நிற்கும். ஆழத்து நீர் பெரும்பாலும் உப்பாக, யாரும் குடிக்காததாக இருக்கும். ஸ்பெயினின் டெருவெல் மாகாணத்தில் 1997ல் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் எவ்வளவு ஆழமானாலும் கிணறு மேலே வரைக்கும் வருகிறதே. வெப்பத்தில் கேசிங் குழாய் நீண்டு சுருங்கும், அதைச் சுற்றிய சிமென்ட் விரிசல் விடும். அந்த இடுக்கு வழியாக வாயு நேரே மேல்மட்ட நீர்த்தாங்கிக்கு வரலாம்.

இயற்கையே சுத்தம் செய்துகொள்ளாதா?

ஓரளவு செய்யும். எரியாத நிலக்கரியே ஒரு வடிகட்டி: பீனாலையும் நாப்தலீனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சீன் அவ்வளவாகப் பிடிபடாமல் நீரோடு நகரும். நுண்ணுயிர்கள் தின்னும், ஆனால் அவற்றுக்கு ஆக்ஸிஜன் இருந்தால்தான் வேகம். ஆழத்து நீரில் அது கிடையாது.

கண்காணிப்புக் கிணறு இருக்கிறது என்கிறார்கள். அதை நம்பலாமா?

எங்கே இருக்கிறது, எப்போது மாதிரி எடுத்தார்கள் என்று கேளுங்கள். தீ மூட்டுவதற்கு முன்பே, மழைக்காலமும் கோடையும் சேர்த்து அளந்திருக்க வேண்டும். நிலக்கரிப் படுகையின் நீரில் இயற்கையாகவே மீத்தேனும் உப்பும் இருக்கும். முன்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால், பிற்பாடு வரும் அளவை வைத்துச் சண்டைதான் போடலாம். கிணறுகள் கரிப் படுகையில் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு மேலே உள்ள நீர்த்தாங்கியிலும் வேண்டும், ஏனென்றால் வாயு மேல்நோக்கித்தான் ஓடும்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். குழாயில் தேங்கிய பழைய நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டுப் புது நீரைப் பிடிக்க வேண்டும். பென்சீனுக்குக் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி, பழுப்பு நிறம், 40 மில்லிலிட்டர். தண்ணீர் விளிம்பில் மேடு கட்டும் வரை நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி கணக்கில் சேராது, பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஏறிவிடும். மூடிய குப்பி ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். யாராவது பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பாதி பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அந்த அறிக்கையில் "பென்சீன் இல்லை" என்று வருவதற்கு அர்த்தமே இல்லை.

கஸ்தாவில் திட்டம் என்ன?

கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸின் பகுதி அது. கனடாவின் எர்கோ எக்ஸர்ஜி நிறுவனம் தொழில்நுட்பக் கூட்டாளி. முதல் கட்டம் துளையிட்டுப் பாறை மாதிரிகளைச் சோதித்து, சாத்தியமா என்று அறிக்கை தயாரிப்பது. அடுத்த கட்டத்தில்தான் சிறிய அளவில் தீ. முதல் கட்ட அறிக்கையில் நான் தேடுவது கரியின் தரத்தை அல்ல. படுகைக்கு மேலே என்ன பாறை, எத்தனை மீட்டர், நீர்மட்டம் எங்கே, மூடும் செலவுக்கான பணம் யார் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

வீட்டு போர்வெல் நீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. அந்த மீட்டர் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதைத்தான் அளக்கிறது. பென்சீன் மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டர் 300 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பென்சீன் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம்.

கொதிக்க வைத்தால்?

பென்சீன் 80 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், அது உண்மைதான். ஆனால் போகிற இடம் உங்கள் சமையலறை. பீனாலோ பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் அந்தக் கிணற்றை நிறுத்திவிட்டு வேறு தண்ணீர் பாருங்கள், ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குளிக்கவும் வேண்டாம், வெந்நீரில் குளிப்பது இன்னும் வேண்டாம்.